நஞ்சு காட்டிக்கொடுத்த நரம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

நரம்பில் மின்சாரம் எப்படிப் போகிறது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பினாங்கில் ஒரு நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர்களின் கையிலும் காலிலும் கம்பி ஒட்டி, சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்று அளப்பது என் பிழைப்பு. வெளியே காத்திருப்பவர்கள் இதைக் ‘கரண்டு டெஸ்ட்’ என்பார்கள். பெயரைக் கேட்டே பாதிப் பேருக்கு வியர்த்துவிடும்.

வீட்டு வயரில் போவது போல நரம்பில் மின்சாரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிப்போவதில்லை. கால் கட்டைவிரலை மேசைக்காலில் இடித்துக்கொள்கிறீர்கள். அங்கே கிளம்பிய எந்தத் துகளும் மூளைக்கு வந்து சேர்வதில்லை. வழி நெடுக ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சமிக்ஞை புதிதாக உண்டாக்கப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் உண்டாக்க வேண்டியிருப்பதால், எந்த இடத்தில் கை வைத்தாலும் அதை நிறுத்திவிடலாம். இந்தச் சூட்சுமம் பாம்புக்கும் மீனுக்கும் நமக்கு வெகு காலம் முன்பே கைவந்துவிட்டது. நரம்பின் உள்வேலை பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் நிறைய விஷயங்கள் நஞ்சுகள் காட்டிக்கொடுத்தவை. அதனால் இன்றைக்கு நஞ்சுகளின் பின்னாலேயே போகலாம் என்று நினைக்கிறேன். தேடி எங்கேயும் போக வேண்டாம், எல்லாம் நம் ஊரைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் வேகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்கூட, நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது, அது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு என்றுதான் பெரிய உடலியல் அறிஞர்கள் நம்பினார்கள். 1850-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் தவளைக் கால் நரம்பை எடுத்தார். தசைக்கு அருகில் ஒரு முறையும் தள்ளி ஒரு முறையும் நரம்பைத் தூண்டினார். தசை துடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தை அளந்தார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. பிளஸ் நெடுஞ்சாலையில் இதைவிட வேகமாகப் போக நமக்கு அனுமதி உண்டு. சிந்தனை, வலி, ஆசை எல்லாம் இந்த வேகத்தில்தானா என்று அந்தக் காலத்தில் பலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

மனிதர்களிடம் நிலைமை கொஞ்சம் மேல். தடித்த நரம்பிழைகளில் நொடிக்கு 120 மீட்டர்வரை போகும். ஆனால் மெல்லிய இழைகளும் இருக்கின்றன. அவற்றில் நொடிக்கு ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். விரலை இடித்துக்கொண்டதும் ‘இடித்துவிட்டோம்’ என்பது முதலில் தெரிகிறது. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. ஐயையோ, வரப்போகிறதே என்று காத்திருக்கிறோம். பிறகுதான் அந்த மந்தமான, நீண்ட வலி வந்து சேர்கிறது. அந்த இடைவெளி உங்கள் கற்பனை இல்லை. இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் கிளம்பி, வேறு வேறு வேகத்தில் வருகின்றன.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

நரம்பணு, அதாவது நியூரான், உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் ஒரு பொருள். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இரண்டும் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள். நடுவே இருப்பது கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. உள்ளே நுழைந்துவிடும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்க அந்தச் சவ்வில் இயந்திரங்கள் போன்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஒரு சுற்றுக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோவ் என்பவர் 1957-இல் நண்டின் கால் நரம்பில் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார். அதற்கான நோபல் பரிசு வர நாற்பது ஆண்டுகள் ஆயின. நம் உடல் எடையில் 2 விழுக்காடுதான் மூளை. ஆனால் உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே தின்கிறது. அதில் பெரும்பங்கு இப்படி உப்பை உள்ளும் வெளியும் தள்ளுவதற்கே செலவாகிறது.

இந்த ஏற்பாட்டினால் சவ்வின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின்னேற்றமாக இருக்கும். டார்ச் லைட் பேட்டரி ஒன்றில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இதுதானா என்று தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சமாக வெட்டினால் வரும் ஒரு துண்டு. அவ்வளவு குறுகிய இடத்தில் 70 மில்லிவோல்ட் என்றால், மீட்டருக்குச் சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் வோல்ட் என்று கணக்கு வருகிறது. காற்றில் தீப்பொறி பாய மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட் போதும். நீங்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் ஒவ்வொரு நரம்பணுவின் தோலிலும் அதைப்போல நாலு மடங்குக்கு மேற்பட்ட மின்புலம் இருக்கிறது. சும்மா இருக்கும் நரம்பு என்று ஒன்று கிடையாது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க நமக்கு உதவியது சோத்தோங். ஆமாம், நாம் சம்பால் வைத்துச் சாப்பிடுகிற அதே கணவாய் இனம்தான். ஆபத்து வந்தால் கணவாய் தன் உடம்பை ஒரே நேரத்தில் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பின்னால் பாயும். அந்தக் கட்டளையைச் சட்டென்று கொண்டுபோக அதற்கு ராட்சத நரம்பிழை ஒன்று உண்டு. அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஒரு கண்ணாடி நுண்குழாயை அந்த இழைக்குள் நீளவாக்கில் செருகினார்கள். செய்தி போகும்போது உட்பக்க மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று நேராகப் பார்த்தார்கள். அதுவரை எல்லோரும் நினைத்தது, செய்தி வரும்போது அந்த 70 மில்லிவோல்ட் வித்தியாசம் அழிந்து பூஜ்யமாகும் என்று. அவர்கள் பார்த்ததோ பூஜ்யத்தையும் தாண்டி மேலே போய், உட்பக்கம் நேர்மின்னேற்றமாகவே மாறியதை. ஏன் என்று ஆராய்வதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. இருவரும் போர்க்கால வேலைகளுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து, 1952-இல் முழு விளக்கத்தையும் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். அந்தச் சமயத்தில் கேம்பிரிட்ஜில் இருந்த கணினி வேலை செய்யவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றும் கணக்கு இயந்திரத்திலேயே சமன்பாடுகளைப் போட்டு முடித்தார். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் தனி மரியாதை. இன்று ஒரு சோதனைக்குக் கணினித் திரை உறைந்துபோனால்கூட நாங்கள் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறோம்.

அவர்கள் சொன்னது இது. சவ்வில் சோடியத்துக்கு ஒரு வகை வாயில்களும் பொட்டாசியத்துக்கு வேறு வகை வாயில்களும் இருக்கின்றன. இரண்டும் மின்னழுத்தத்தைப் பார்த்துத் திறந்து மூடுபவை. எங்கேனும் ஓர் இடத்தில் உட்பக்கம் மைனஸ் 70-லிருந்து மைனஸ் 55 வரை ஏறிவிட்டால், சோடியம் வாயில்கள் படபடவென்று திறக்கும். வெளியே காத்துக்கொண்டிருக்கும் சோடியம் உள்ளே பாயும். அது பாய்ந்ததால் மின்னழுத்தம் இன்னும் ஏறும். ஏறியதால் இன்னும் வாயில்கள் திறக்கும். ஒரு மில்லிநொடிக்குள் பிளஸ் 40 பக்கம் போய் நிற்கும். அதே வேகத்தில் சோடியம் வாயில்கள் தாமாக அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் வழியே பொட்டாசியம் வெளியேற, எல்லாம் பழைய நிலைக்கு இறங்கும். மைனஸ் 55-ஐத் தொடாவிட்டால் ஒன்றும் நடக்காது, தொட்டுவிட்டால் முழுதாக நடக்கும். அரைகுறை என்ற பேச்சே இல்லை. அப்படியென்றால் மெதுவாகத் தொடுவதற்கும் ஓங்கி அறைவதற்கும் வித்தியாசம் எப்படித் தெரிகிறது? எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்பதில்தான். பலமான தூண்டுதல் என்றால் நொடிக்கு நூறு முறைகூட வரும்.

வாயில் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. கணக்கு அப்படிச் சொல்லிற்று. ஒற்றை வாயிலில் பாயும் மின்னோட்டத்தை எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் அளந்து காட்டியது 1976-இல்.

இந்த ஒரு துடிப்பு எப்படி முன்னால் நகர்கிறது? கொசுவத்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பற்றவைத்தால் கனல் மெல்ல நகர்ந்து நடுவுக்கு வருகிறது. ஆனால் சுருளில் எந்தத் துகளும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவில்லை. எரியும் இடம் பக்கத்து இடத்தைச் சூடாக்கி அதையும் பற்றவைக்கிறது, அவ்வளவுதான். நரம்பிலும் அப்படியே. ஓரிடத்தில் உள்ளே பாய்ந்த சோடியம் பக்கத்து இடத்தின் மின்னழுத்தத்தை உயர்த்த, அங்கேயுள்ள வாயில்கள் திறக்கின்றன. சுருளில் எரிந்தது சாம்பலாகிவிடும். நரம்போ ஓரிரு மில்லிநொடியில் மறுபடி பற்றத் தயாராகிவிடும். அதற்குள் துடிப்பு முன்னே போய்விட்டிருப்பதால் அது திரும்பிப் பின்பக்கம் ஓட முடியாது.

இனி நஞ்சுக்கு வருவோம். பேத்தை மீன், மலாயில் இக்கான் புந்தால். அதன் ஈரலிலும் முட்டைப்பையிலும் இருக்கும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு சோடியம் வாயிலின் வெளிவாசலில் போய் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பொட்டாசியம் வாயிலைத் தொடவே தொடாது. அது சோடியம் வாயிலை மட்டும் அடைக்கிறது என்று தோஷியோ நராஹாஷியும் கூட்டாளிகளும் 1964-இல் காட்டியபோதுதான், இவை இரண்டும் தனித்தனி வாயில்கள் என்ற பழைய கணக்குக்குப் பலமான சாட்சி கிடைத்தது. ஒரு மீனின் ஈரல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு நோபல் அறிஞர்களுக்காகச் சாட்சி சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு விரல் நுனிகள். பிறகு கைகால் துவளும். கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். இந்த நஞ்சு மூளைக்குள் எளிதில் நுழையாது என்பதால் பலருக்கு நினைவு தெளிவாகவே இருக்கும். இதயத்தின் சோடியம் வாயில்கள் கொஞ்சம் வேறு அமைப்பு என்பதால் அதுவும் தாக்குப்பிடிக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுக் கருவியில் வைத்து, நஞ்சு தானாக வெளியேறும்வரை காப்பாற்றுவது ஒன்றுதான் வழி. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் இது அழியாது. சமையலில் கைதேர்ந்தவர்களே இந்த ஒன்றை நம்ப மறுக்கிறார்கள், நன்றாக வேகவைத்தால் போதும் என்கிறார்கள். 2023-இல் ஜொகூரில் இந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்ட வயதான தம்பதி இருவரும் இறந்தது நினைவிருக்கும். சதுப்புநிலக் கரைகளில் கிடைக்கும் பெலாங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு, அதிலும் ஒரு வகைக்கு இதே நஞ்சு உண்டு. முட்டைக்காக அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தெரிந்த கடையாயிற்றே என்று சொல்வார்கள். கடை தெரிந்ததாக இருக்கலாம், நண்டு எந்த வகை என்பதுதான் கேள்வி.

பேத்தை மீன் மட்டும் ஏன் சாகவில்லை? அதன் சோடியம் வாயிலில் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது, நஞ்சு அங்கே ஒட்டாது.

பல் பிடுங்கும்போது ஈறில் போடும் ஊசியும் இதே வாயிலைத்தான் அடைக்கிறது. லிக்னோகெய்ன் உள்பக்கமாகப் போய் அடைக்கும், ஓரிரு மணி நேரத்தில் விலகிவிடும். அந்த ஊசிக்குப் பிறகு உதடு யாருடையதோ போல் இருக்கிறதே, சோடியம் வாயில் திறக்காவிட்டால் அப்படித்தான் இருக்கும்.

கொசுவத்தியை உவமைக்கு எடுத்தேன். அதற்குள் இருக்கும் மருந்தும் நம் கதையில் வருகிறது. பைரெத்ராய்டு எனப்படும் இந்த வகை மருந்து, ஒரு வகைச் செவ்வந்திப் பூவில் இயற்கையாக இருக்கும் பொருளைப் பார்த்துச் செய்யப்பட்டது. பேத்தை நஞ்சு வாயிலை அடைக்கிறது என்றால், இது திறந்த வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கொசுவின் நரம்பு ஒரு முறை துடிக்க வேண்டிய இடத்தில் திரும்பத் திரும்பத் துடிக்கும். கீழே விழுந்த கொசு கால்களை உதறிக்கொண்டு சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது மயக்கம் இல்லை, நிறுத்த முடியாத நரம்புத் துடிப்பு. நமக்கு ஏன் அப்படி ஆவதில்லை என்றால், நம் சோடியம் வாயில் இந்த மருந்துக்கு அவ்வளவாக வசப்படாது. நம் உடம்புச் சூட்டில் மருந்தின் பிடி தளரும். கல்லீரலும் சீக்கிரம் உடைத்துவிடும். பூனைக்கு அந்த வசதி குறைவு. நாய்க்கு உண்ணி போக்க விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமேல் தடவி அதைச் சாகடித்தவர்கள் உண்டு. இன்னொரு செய்தி, நம் நாட்டு ஏடிஸ் கொசுக்களில் பலவற்றுக்குச் சோடியம் வாயிலே மாறிப்போய்விட்டது. புகை அடித்துவிட்டுப் போன மறுநாளும் கொசு கடிக்கிறதே என்று புலம்புகிறோம் அல்லவா, அதற்கு இதுவும் ஒரு காரணம். பேத்தை மீன் செய்த அதே தந்திரம்.

இப்போது என் தொழிலுக்குக் கொஞ்சம் வருகிறேன். தடித்த நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அது தொடர்ச்சியாக இருக்காது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உறை, அப்புறம் ஒரு நுண்ணிய இடைவெளி, மறுபடி உறை. சோடியம் வாயில்கள் அந்த இடைவெளிகளில்தான் குவிந்திருக்கின்றன. துடிப்பு அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போகாமல் ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. வேகத்தின் ரகசியம் அதுதான்.

மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடும் ஓர் அண்ணன் வந்திருந்தார். ராத்திரியில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போய் எழுந்துவிடுகிறாராம். கையை உதறினால் சரியாகிறதாம். அந்த உதறலைச் சொன்னாலே எங்களுக்குப் பாதி புரிந்துவிடும், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. “தம்பி, ரொம்ப அடிக்குமா?” என்று கேட்டார். “ரப்பர் பேண்ட் சுண்டிவிட்ட மாதிரிதான் அண்ணே” என்றேன். அவர் கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. காத்திருக்கும் அறையில் ஏர்கோன் அப்படி. குளிர்ந்த கையில் சோதனை செய்தால் நோயே இல்லாத நரம்பும் மெதுவாகத்தான் காட்டும். தோலின் சூடு ஒரு பாகை குறைந்தால் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டர் அளவில் குறையும், வாயில்கள் திறந்து மூடுவது சூட்டைப் பொறுத்தது என்பதால். ஆகவே முதல் வேலை, வெந்நீர்ப் பையைக் கையில் கட்டி 32 பாகைக்குக் கொண்டுவருவது.

அப்புறம் கட்டைவிரல் மேட்டில் ஒரு மின்வாயை ஒட்டி, மணிக்கட்டில் ஒரு தூண்டல், முழங்கை மடிப்பில் ஒரு தூண்டல். இரண்டுக்கும் தசை துடிக்கிறது. இரண்டு நேரத்தையும் திரையில் பார்க்கிறோம். நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளக்கிறோம். 22 செண்டிமீட்டர், 4 மில்லிநொடி வித்தியாசம் என்றால் நொடிக்கு 55 மீட்டர், நல்ல நரம்பு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலில் செய்ததையேதான் நாங்கள் இன்றும் செய்கிறோம், தவளைக்குப் பதிலாக ஆள். அந்த அண்ணனுக்கு முன்கை முழுவதும் வேகம் சரியாகவே இருந்தது. மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல்வரையுள்ள சின்னத் தூரத்தில்தான் நேரம் இழுத்தது. நசுங்கிய இடத்தில் மையலின் உறை தேய்ந்தால் துடிப்பு தாவ முடியாமல் தடுமாறும். நீரிழிவுக்காரர்களுக்கு வேறு மாதிரி, கால் நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறும். 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எங்கள் கூடத்து நாற்காலிகள் காலியாக இல்லாததற்குக் காரணம் புரிகிறதா?

சரி, துடிப்பு நரம்பின் கடைசிவரை வந்துவிட்டது. அங்கே ஒரு வெட்டு. அடுத்த உயிரணுவுக்கும் இதற்கும் நடுவே ஓர் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சினாப்ஸ் என்கிறோம். பெரும்பாலான இடங்களில் இந்த இடைவெளியை மின்துடிப்பு தாண்டுவதில்லை. இங்கே செய்தி ரசாயனமாக மாறுகிறது.

இதை நிரூபித்தவர் ஆட்டோ லோவி. செய்முறை கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நள்ளிரவில் எழுந்து தாளில் கிறுக்கி வைத்தாராம், காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. அடுத்த இரவு அதே கனவு. இந்த முறை எழுதிக்கொண்டிருக்காமல் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றில் இதயத்தை மெதுவாக்கும் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயம் ஊறியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதற்கு நரம்பே இல்லை, அதுவும் மெதுவாயிற்று. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று உறுதியானது. 1921-இல் வெளியான ஆய்வு இது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டில் நாஜிகள் அவரைச் சிறையில் வைத்து, பரிசுப் பணத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் நாட்டைவிட்டுப் போகவிட்டார்கள்.

நரம்பு முனையில் துடிப்பு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே போக, அசிட்டைல்கோலின் நிறைந்த நுண்பைகள் வெடித்து இடைவெளியில் கொட்டுகின்றன. அது எதிர்ப்பக்கத் தசையிலுள்ள ஏற்பிகளில், அதாவது அதை வாங்கிக்கொள்ளும் புரதங்களில், போய் உட்கார, அங்கே சோடியம் நுழைந்து தசை சுருங்குகிறது. கொட்டிய அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனடியாக உடைத்துத் தள்ளும். அந்த நொதியின் ஒவ்வொரு மூலக்கூறும் நொடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்கும். உடைத்தால்தான் தசை தளர முடியும், அடுத்த கட்டளையை வாங்க முடியும்.

இந்த இடத்தில் கை வைப்பவர்கள் இருவர். முதலாமவர் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளைகளில் சுருண்டு கிடக்கும் பச்சை விரியன். மலாயில் ஊலார் காப்பாக் தோக்கோங் என்பார்கள். அதன் நஞ்சில் வாக்லரின் என்றொரு சின்னப் புரதத் துணுக்கு, 22 அமினோ அமிலங்கள்தான். அது தசையின் அசிட்டைல்கோலின் ஏற்பியை மறித்துக்கொள்ளும். சுண்டெலிக்கு மூச்சு நின்றுவிடும். மனிதருடைய ஏற்பியில் அதே துணுக்கு பெரிதாக எடுபடுவதில்லை. அதற்காகப் பாம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். வலியும் வீக்கமும் தர அதன் நஞ்சில் வேறு சரக்கு இருக்கிறது. வாக்லரினைப் பார்த்துச் செய்த ஒரு செயற்கைப் பொருளை முகச்சுருக்கம் போக்கும் கிரீமிலும் சேர்க்கிறார்கள். தோலைத் தாண்டித் தசைவரை அது போய்ச் சேருமா என்பது எனக்குச் சந்தேகம்தான், ஆனால் விலை மட்டும் நன்றாகவே எட்டியிருக்கிறது.

இரண்டாவது, அந்த நொதியைக் கொல்வது. 2017 பிப்ரவரி 13 அன்று கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில் வட கொரியத் தலைவரின் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்தில் தடவப்பட்ட விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சு அந்த வேலையைத்தான் செய்தது. மருத்துவமனை போகும் வழியிலேயே அவர் இறந்தார். நொதி செத்துவிட்டால் அசிட்டைல்கோலின் இடைவெளியில் தேங்கும். தசைகள் துடித்துத் துடித்துப் பிறகு அசைவற்றுப் போகும், எச்சிலும் சளியும் பெருகும், மூச்சு அடைக்கும். கொசுவுக்குப் புகையடிக்கும் மாலத்தியானும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், நம் உடம்பு அதை விரைவாக உடைத்துவிடுவதால் தப்பிக்கிறோம். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள், வாயில் நுரை தள்ளி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி யாராவது விழுந்தால் நேரம் கடத்தாதீர்கள், மருந்து டின்னின் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அட்ரோபின் என்ற மருந்து அங்கே உயிர் காக்கும்.

அதே நொதியை, அளந்து, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அடக்கிவைக்கும் மாத்திரை ஒன்றும் உண்டு. மயஸ்தீனியா என்ற நோயில் நம் உடம்பே நம் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்கி அழிக்கும். காலையில் நன்றாக இருப்பார்கள். சாயங்காலத்தில் இமை தொங்கும், இட்லிகூட மெல்ல முடியாமல் தாடை ஓய்ந்துபோகும். ஏற்பிகள் குறைந்துபோன இடத்தில் அசிட்டைல்கோலினைக் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கவைத்தால் வேலை நடக்கும் அல்லவா, பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அதைச் செய்கிறது. விஎக்ஸின் தூரத்துச் சொந்தம் என்று நோயாளிகளிடம் நாங்கள் சொல்வதில்லை.

இந்த நோயைச் சந்தேகித்து அனுப்பப்படுகிறவர்களுக்கு எங்கள் கூடத்தில் ஒரே நரம்பை நொடிக்கு மூன்று முறை வீதம் தொடர்ந்து தூண்டுவோம். நல்ல தசையில் ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே உயரம் எழும். இவர்களுக்கு நான்காவது, ஐந்தாவது துடிப்புக்குள் உயரம் படிப்படியாக இறங்கிவிடும். முதலாவதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அறிக்கையில் அதைக் குறித்து மருத்துவருக்கு அனுப்புவோம். சோதனைக்கு வரும் நாளில் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு வாருங்கள். போட்டுக்கொண்டு வந்தால் முடிவு நன்றாகவே தெரியும், நோய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் இன்னொன்று, ஒரு ஸ்வெட்டரும் எடுத்து வாருங்கள்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.